பட்டு வேட்டி வெள்ளை இல்லை

அக்காவின் கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. பரணில் இருந்த மரப்பெட்டியை இறக்கித் திறந்தபோது அட்டை மட்டும் முழுசாக இருந்தது, உள்ளே மண். படம் எடுத்த ஸ்டூடியோவை மூடி வருஷக்கணக்காகிறது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஸி.டி. 2007 தை மாதம், கோவில்பட்டியில் ஒரு மண்டபத்தில், துபாயிலிருந்து வந்திருந்த சித்தப்பா தன் புது டிஜிட்டல் கேமராவில் எடுத்த 263 படங்கள். 5 மெகாபிக்சல், 2592க்கு 1944. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் எட்டரை அங்குல அகலம் வரும். ஆல்பத்துக்கு அது போதும்.

அளவு போதும், நிறம்தான் போதவில்லை. லேப்டாப்பில் ஓட்டிக் காட்டியதும் அம்மா சொன்னது: “என்னலே, எல்லாருக்கும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு.”

முகூர்த்தம் விடிகாலை. வெளியே இருட்டு. மணவறைக்கு நேரே வீடியோக்காரரின் ஹாலோஜன் விளக்கு, அதன் வெளிச்சம் சுமார் 3200 கெல்வின், நல்ல மஞ்சள் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு இது; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்). மண்டபச் சுவரில் வரிசையாக டியூப்லைட், அது 6500 கெல்வின் பக்கம், நீலமும் கொஞ்சம் பச்சையும். கேமராவின் ஃப்ளாஷ் 5500. நடுவில் குத்துவிளக்கு, அது 2000கூட வராது. ஒரே படத்துக்குள் நாலு விதமான வெளிச்சம். கேமரா பாவம், இதில் எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும்? குழம்பிப்போய் ஏதோ ஒரு நடு இடத்தில் நின்றிருக்கிறது.

கருவி ஜிம்ப், படம் திருத்தும் மென்பொருள், இலவசம். ஸி.டி.யை அப்படியே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, நகலின் நகலில்தான் கை வைத்தேன். ஜேபெக்கை ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் தரம் போகும். அதனால் வேலை முடியும்வரை ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்.ஸி.எஃப்.பில் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு முறை ஜேபெக். இன்னொன்று: படத்தைத் திறந்ததும் இமேஜ் மெனுவில் பிரிசிஷன் போய் 16 பிட் ஆக்கிவிட்டேன். மூலப்படம் 8 பிட்தான், நிறத்துக்கு 256 படிகள். 16 ஆக்கினால் இல்லாத விவரம் புதிதாக வந்துவிடாது. ஆனால் பத்துத் திருத்தம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும்போது இடையில் பின்னத்தை விட்டு முழு எண்ணாக்குகிற கணக்கில் மேலும் சேதம் ஆகாது.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கலர்ஸ், ஆட்டோ, ஒயிட் பேலன்ஸ். ஒரே சொடுக்கு. சாப்பாட்டுப் பந்திப் படம் ஒன்று அழகாக வந்தது. அடடா, ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். அடுத்தது மணவறைப் படம். பின்னால் சிவப்பு வெல்வெட் திரை, மேலே செவ்வந்திச் சரம். பொத்தானை அழுத்தியதும் அக்காவின் முகம் சாம்பல் பூத்துவிட்டது. அந்தப் பொத்தான் செய்வது இவ்வளவுதான்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எடுத்து, இரண்டு முனையிலும் 0.05 சதவீதப் புள்ளிகளை விட்டுவிட்டு, மிச்சத்தை 0 முதல் 255 வரை இழுத்துவிடும். படத்தில் உண்மையிலேயே ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் இருந்தால் சரியாக வரும். சிவப்பும் மஞ்சளும் மட்டும் மண்டிக்கிடக்கிற மணவறையில், இல்லாத நீலத்தை அது பிடித்து இழுக்கும்.

சரி, வெள்ளை எது என்று நாமே காட்டுவோம். படத்தின் கறுப்பு, நடு வெளிச்சம், வெள்ளை மூன்றையும் நகர்த்துகிற கருவி லெவல்ஸ். அதைத் திறந்தால் இடது, நடு, வலது என்று அந்த மூன்றுக்கும் மூன்று முக்கோணங்கள், கூடவே மூன்று சொட்டுக்குழாய்கள் இருக்கும்: கறுப்பு, சாம்பல், வெள்ளை. வெள்ளையை எடுத்து அத்தானின் பட்டு வேட்டியில் வைத்துச் சொடுக்கினேன்.

படம் முழுக்க நீலம் பாய்ந்தது. நிலா வெளிச்சத்தில் தாலி கட்டுகிற மாதிரி.

ஏன் என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. பட்டு வேட்டி வெள்ளையே இல்லை, சந்தன நிறம். அதைப் போய் வெள்ளை என்று நான் சொல்ல, ஜிம்ப் அதிலிருந்த மஞ்சளைக் கழித்து, அதே கழித்தலைப் படம் முழுக்கச் செய்துவிட்டது. அடுத்து பக்கத்தில் நின்ற மாமாவின் பருத்தி வேட்டி. அது நேர் எதிர்: சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி. அதை வெள்ளையாக்கினால் நீலம் கழிந்து படம் திரும்பவும் மஞ்சள் பக்கம் சாய்கிறது. மல்லிகைப்பூ? அது பாலாடை நிறம், நிழலில் லேசாகப் பச்சை. எவர்சில்வர் சொம்பு? பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் வாங்கிக் காட்டும், நம்பவே கூடாது. நம் கல்யாண வீட்டில் வெள்ளை என்று நாம் சொல்கிற பொருளில் பாதி வெள்ளை இல்லை என்பது அந்த ஒரு சாயங்காலத்தில் தெரிந்தது.

கடைசியில் கை கொடுத்தது ஐயர். அவர் மேற்கையில் பட்டை பட்டையாகப் பூசியிருந்த விபூதி. விபூதி சாம்பல்; நிறச்சாய்வு மிகக் குறைவு, பளபளப்பு இல்லை, அதனால் சுற்றியிருப்பதைப் பிரதிபலிக்காது. அதைவிட முக்கியம், மணவறைப் படங்களில் முக்கால்வாசியில் அந்தக் கை இருக்கிறது. அத்தான் நெற்றியிலும் விபூதி உண்டு, ஆனால் மெல்லிய பூச்சு. தோல் தெரிகிறது, வேர்வையில் வேறு கரைந்திருக்கிறது. ஐயர் கைதான் கெட்டி.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். நிறம் எடுக்கும் குழாயை ஒற்றைப் புள்ளியில் வைக்காமல், சாம்பிள் ஆவரேஜ் போட்டுச் சில புள்ளிகளின் சராசரியை எடுத்தேன். ஒற்றைப் புள்ளியில் சத்தம், அதாவது தாறுமாறான நிறப்பொரி, இருக்கும். விபூதியில் வந்த எண்கள்: சிவப்பு 214, பச்சை 178, நீலம் 121. மூன்றும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டிய இடம். நீலம் எவ்வளவு பள்ளத்தில் கிடக்கிறது பாருங்கள், மஞ்சக்காமாலை இதுதான்.

லெவல்ஸில் மேலே இருக்கும் பட்டியலில் நீலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, வலது முக்கோணத்தை 255இலிருந்து 149க்குக் கொண்டுவந்தால் நீலம் நேராக 207க்கு ஏறிவிடும். ஆனால் 149க்கு மேல் நீலம் இருந்த புள்ளி எல்லாம் 255இல் போய் முட்டி நிற்கும். ஃப்ளாஷ் பட்ட மல்லிகைச் சரத்தில் இதழ் போய் வெறும் வெள்ளைப் பொட்டு மிஞ்சியது. அதனால் பாதியை வலது முக்கோணத்திலும் பாதியை நடு முக்கோணத்திலும் வாங்கினேன்: நீலத்துக்கு வலது 165, நடு 1.47. பச்சைக்கு வலது 220, நடு 1.07. சிவப்பைத் தொடவில்லை. இப்போது விபூதி 214, 209, 207. கடைசிப் பொட்டுச் சமத்துக்கு நான் போகவில்லை. சரிசமமாக்கினால் ஆஸ்பத்திரியில் கல்யாணம் நடந்த மாதிரி இருக்கிறது. ஓமம் எரிகிற இடத்தில் கொஞ்சம் மஞ்சள் இருக்கத்தான் வேண்டும்.

சரியா என்று பார்க்க முகத்துக்கு வந்தேன். அத்தான் கன்னத்தில் 158, 112, 88. நம் தோலுக்கு எப்போதும் சிவப்பு முதலில், பச்சை அடுத்து, நீலம் கடைசி. வெளிச்சம் எவ்வளவு குறைந்தாலும் இந்த வரிசை மாறாது. பச்சையும் நீலமும் நெருங்கினால் முகம் ரோஸ் நிறத்துக்குப் போகும். சிவப்பும் பச்சையும் நெருங்கினால் மஞ்சள். இந்த வரிசையை ஒரு துண்டுத்தாளில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டேன்.

பந்திப் படங்களில் ஐயர் கிடையாது. அங்கே கிடைத்தது இலை ஓரத்தில் வைத்த உப்பு. பெரிதாக்கிப் பார்த்தால் இருபது புள்ளி அகலம்கூட வராது, ஆனால் அசல் வெள்ளை. சோறு தேறாது, அது பழுப்பு வெள்ளை. உப்பில் அளந்துவிட்டு, வாழை இலை வாழை இலை மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது.

ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களுக்கு ஒரே அளவைப் போடலாமே என்று லெவல்ஸ் அளவுகளைச் சேமித்து அடுத்தடுத்த படங்களுக்குப் போட்டேன். ஹாலோஜன் அடித்த படங்களில் பலித்தது. டியூப்லைட் படங்களில் பலிக்கவில்லை. வாசலில் நின்று எடுத்த இரண்டு படங்கள், இடையில் மூன்று விநாடி, அதே ஆட்கள். ஒன்று பச்சை, ஒன்று ரோஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை மின்னி அடங்கும். அடங்குகிற நேரத்தில் அதன் நிறமும் மாறும். கேமராவின் ஷட்டர் வேகமாக இருந்தால் அந்த அலையின் ஒரு துண்டை மட்டும் பிடிக்கிறது. எந்தத் துண்டு என்பது அதிர்ஷ்டம். அந்த 19 படங்களையும் ஒவ்வொன்றாகத்தான் பார்த்தேன்.

இடது பக்கம் ஹாலோஜன், வலது பக்கம் டியூப்லைட் என்று இரண்டாகப் பிளந்த படங்களுக்கு ஒரு திருத்தம் போதாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற கண்ணாடித் தாள் மாதிரி லேயர். அதை நகலெடுத்து, கீழ் லேயரை இடது பக்கத்துக்குச் சரிசெய்து, மேல் லேயரை வலது பக்கத்துக்குச் சரிசெய்து, மேலதற்கு ஒரு மாஸ்க் (எங்கே தெரிய வேண்டும், எங்கே மறைய வேண்டும் என்று சொல்லும் மறைப்பு) போட்டு அதில் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் கிரேடியன்ட் இழுத்தேன். நடுவில் நின்ற பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் பச்சையாகவும் இருந்தது. அவருக்குத் தனியாகத் தூரிகை பிடிக்க வேண்டியிருந்தது.

கான்ட்ராஸ்ட்டுக்கு வந்தால் எதிரி வேறு: ஓமப்புகை. தாலி கட்டும் நேரத்துப் படங்களில் கறுப்பு என்று ஒன்றே இல்லை. அக்காவின் தலைமுடி 52, 44, 41 என்று காட்டியது. சாம்பல் படிந்த பழுப்பு. லெவல்ஸில் மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக இடது முக்கோணத்தை அந்த எண்களுக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தேன்: 42, 35, 32. புகையிலேயே ஹாலோஜன் மஞ்சள் கலந்திருப்பதால் மூன்றுக்கும் ஒரே எண் போட்டால் நிழலில் மஞ்சள் தங்கிவிடும். இதைச் செய்த பிறகு விபூதியைத் திரும்பவும் அளக்க வேண்டும், ஏனென்றால் கீழே இழுத்தது மேலேயும் நகர்த்திவிடும். நான் முதல் சில படங்களில் வெள்ளையை முதலில் செய்து, கறுப்பை அப்புறம் செய்து, மறுபடி வெள்ளைக்குப் போய், வட்டமடித்துக்கொண்டிருந்தேன். கறுப்பு முதலில், வெள்ளை இரண்டாவது என்று மாற்றியதும் நேரம் பாதியாகக் குறைந்தது.

அதற்கு மேல் கர்வ்ஸ், வெளிச்சத்தை ஒரு கோட்டை வளைத்து மாற்றுகிற கருவி. லேசான ஒரு எஸ் வளைவு: 64ஐ 54க்கு இறக்கி, 192ஐ 204க்கு ஏற்றி. படம் நிமிர்ந்து உட்கார்ந்தது, கூடவே நிறமும் கத்த ஆரம்பித்தது. மூன்று நிறத்தையும் ஒரே வளைவில் வளைத்தால் இடைவெளி கூடும், மஞ்சள் கயிறு எலுமிச்சையாகிவிடும். லேயரை நகலெடுத்து அதில் மட்டும் வளைவைப் போட்டு, லேயர் மோடை லூமினன்ஸ் என்று மாற்றினால் வெளிச்சம் மட்டும் மாறும், நிறம் இருந்தபடி இருக்கும். இந்த ஒரு வழி தெரிந்திருந்தால் முதல் வாரத்தில் செய்த பாதிப் படங்களைத் திரும்பச் செய்திருக்க வேண்டாம்.

நீலத்தை இவ்வளவு தூக்கியதில் இருட்டான மூலைகளில் நீலமும் ஊதாவுமாகப் பொரிப்பொரியாகச் சத்தம் கிளம்பியது. மஞ்சள் வெளிச்சத்தில் நீலத்துக்குக் கிடைத்ததே கொஞ்சம். அதைப் பெருக்கினால் அழுக்கும் சேர்ந்துதான் பெருகும். இதற்கும் லேயர்தான்: நகலெடுத்து, நாலு புள்ளி அளவுக்குக் காஸியன் பிளர் போட்டு மங்கலாக்கி, மோடை எல்.ஸி.எச் கலர் ஆக்கிவிட்டேன். நிறம் மட்டும் மங்கும், கோடுகள் கூர்மையாகவே இருக்கும். கண்ணுக்கு நிற மங்கல் அவ்வளவாகத் தெரியாது.

இதற்கிடையில் ஒரு கூத்து. இரண்டாவது வாரம் ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து, விபூதியும் இல்லாத, உப்பும் இல்லாத 22 படங்களைக் கண் மதிப்பில் சரிசெய்தேன். எவ்வளவு திருத்தினாலும் மஞ்சள் போகவே இல்லை. நானும் நீலத்தை ஏற்றிக்கொண்டே போனேன். காலையில் பார்த்தால் 22ம் நீலம். லேப்டாப்பில் ராத்திரி 9 மணிக்கு மேல் திரையை மஞ்சளாக்கும் வசதி ஒன்று உண்டே, கண்ணுக்கு நல்லது என்று நானே எப்போதோ போட்டுவைத்தது. படத்தை நான் திருத்தவில்லை, என் திரையைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து நிறவேலை பகலில் மட்டும்.

அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் சில அனுப்பினேன். சொந்தக்காரர் குழுவில் போட்டுவிட்டாள். உடனே ஒரு அத்தை: “பொண்ணைக் கொஞ்சம் கலராக்கிவிடுப்பா.” நம் ஊரில் ‘கலராக்கு’ என்றால் வெளுப்பாக்கு என்று அர்த்தம். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் கேட்காமலேயே அதைத்தான் செய்வார்கள். அவர்களை மட்டும் சொல்லியும் குற்றமில்லை. 1950கள் தொடங்கி கோடாக் நிறுவனம் படம் அச்சடிக்கும் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில், ஷர்லி கார்டு என்பார்கள், இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்த முகம் சரியாக வந்தால் மிஷின் சரி என்று வைத்துக்கொண்டார்கள். அத்தைக்கு நான் பதில் போடவில்லை. அக்கா அவள் நிறத்தில்தான் இருக்கிறாள்.

ரொம்பப் படுத்தியது கூறைப்புடவை. அரக்குச் சிவப்பு, தங்கச்சரிகை. ஹாலோஜன் அடித்த படங்களில் அது மடிப்பே இல்லாத ஒரு சிவப்புத் தகடு. எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை புள்ளி என்று காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் ஒட்டுமொத்தத்தில் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. சிவப்பைத் தனியாகப் பார்த்தால் வலது சுவரில் ஒரே கம்பம். புடவை இருந்த இடமெல்லாம் சிவப்பு 255. வெட்டுப்பட்ட விவரத்தை எந்த முக்கோணமும் திருப்பித் தராது. ஆனால் நிறம் மூன்றாயிற்றே. கலர்ஸ், காம்போனென்ட்ஸ், டீகம்போஸ் போய் மூன்றையும் பிரித்துப் பார்த்தேன். பச்சைப் படலத்தில் ஒவ்வொரு மடிப்பும், சரிகையின் மாங்காய் வடிவமும்கூட, கறுப்பு வெள்ளையில் அப்படியே இருந்தது! அந்தப் படலத்தை மேலே ஒரு லேயராக வைத்து, கீழே இருப்பதை இருட்டாக்குகிற மல்டிப்ளை மோடில் 30 சதவீதம், புடவை மேல் மட்டும் மாஸ்க். தகடு துணியானது.

தேறியவை 118 படங்கள். முதலில் ஐந்தை மட்டும் நாலுக்கு ஆறில் மாதிரி போட்டுப் பார்த்தேன். எல்லாம் இருட்டு. திரை வெளிச்சத்தை முழுசாக வைத்து வேலை பார்த்ததன் வினை. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, திரையின் வெள்ளை அந்தத் தாள் அளவுக்கு இறங்கும்வரை குறைத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் நடு முக்கோணத்தை 1.12 அளவுக்குத் தூக்கினேன். குத்துவிளக்குப் படம் மட்டும் வேறு கோளாறு: நான் வேண்டுமென்றே விட்டிருந்த மஞ்சளை லேப் மிஷின் தானாகவே ‘சரி’ செய்து நீலமாக்கியிருந்தது. கரெக்‌ஷனை நிறுத்திவிட்டுப் போடச் சொன்னதற்கு, “அண்ணே, டல்லா வரும், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது” என்றான் கவுண்டரில் இருந்த பையன். டல்லாக வரவில்லை.

இரண்டாவது மாதிரியை அம்மாவிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தவள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம். வெள்ளைத் துணியில் சுற்றிவைத்திருந்த கூறைப்புடவையை எடுத்துவந்து, வாசல் வெளிச்சத்தில் திண்ணையில் விரித்து, படத்தை அதன் பக்கத்தில் வைத்தாள்.

“இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா, நீயே பாரு.”

சம்பந்தம் இல்லைதான். நான் கொண்டுவந்திருந்தது தக்காளிச் சிவப்பு. புடவை கிட்டத்தட்ட மாதுளந்தோல். மூன்று வாரம் விபூதியையும் உப்பையும் தேடி அலைந்தவனுக்கு, புடவை வீட்டிலேயே இருப்பது நினைவுக்கு வரவில்லை. அதன் ஒரு மடிப்பை நிழலான பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு துளி விபூதியும் வைத்து, மொபைலில் படம் எடுத்து, விபூதியைச் சமமாக்கி, புடவையின் எண்களைக் குறித்துக்கொண்டேன். புடவை தெரிகிற படங்கள் 31. எல்லாவற்றிலும் மாஸ்க் ஏற்கெனவே இருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. விரித்த புடவையை அம்மா சாயங்காலம்தான் மடித்து உள்ளே வைத்தாள், அதுவும் அக்காவுக்கு வீடியோ காலில் காட்டிய பிறகு.